கால் போத்தல் அரைப் போத்தலாவது எப்படி?

போயா தினத்துக் காலையில் மட்டும் பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அத்தனை அளவாக வீசுகிற கை, இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு கோப்பையைத் தாங்க முடியாமல் சாரத்தில் சிந்தும். "பனி" என்பார். ஹட்டன் பக்கத்துப் பனிக்கு யாருக்குத்தான் கை நடுங்காது என்று நாங்களும் நம்பினோம். பௌர்ணமி அன்று மட்டும் ஏன் அவ்வளவு பனி என்று ஒருவரும் கேட்கவில்லை.

போயா அன்று நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. முதல் நாளே வாங்கி வைத்ததை அவர் இரவே முடித்திருப்பார். கடைசி மடக்கு உள்ளே போய் ஆறு மணித்தியாலம் தாண்டினாலே, பழகிய மூளை தேட ஆரம்பித்துவிடும். அந்தத் தேடல்தான் கையில் தெரிந்தது.

மூளையில் இரண்டு இரசாயனங்கள்: வேகத்தைக் கூட்டுவது குளூட்டமேற்று, அடக்குவது காபா. மதுவிலுள்ள எதனோல் அடக்குவதற்குத் துணை நிற்கும், கூட்டுவதைத் தடுக்கும். அதனால்தான் முதல் கிளாஸில் உடம்பு தளர்ந்து மனசு லேசாகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்கு மசிவதைக் குறைத்து, குளூட்டமேற்றை ஏற்கும் வாய்களைப் பெருக்கிக்கொள்ளும். பிரேக்கில் கால் வைத்தபடியே ஓடப் பழகிய கொழுந்து லொறி அதற்கேற்ப எக்ஸிலேட்டரையும் அழுத்தியே ஓடுகிறது என்று வையுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும்? நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு. அதன்பின் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பமும் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது.

பெரியப்பா இருபதுகளில் சம்பள நாளில் மட்டும், கூட்டாளிமாரோடு குடித்தவர். அப்போது அது சந்தோஷத்துக்கு. நாற்பதைத் தாண்டியபோது தினமும், தனியாக. அந்த வயதில் அவர் எதையும் கொண்டாடவில்லை. நடுங்காமல் இருப்பதற்காகக் குடித்தார். சாராயம் அதேதான், அதற்கான தேவை மாறிவிட்டது. குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. பல நாடுகளில் ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், இருபதுகளின் முற்பாதியில் உச்சத்துக்குப் போகும் குடி, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வந்ததும் பலருக்குத் தானாக இறங்குகிறது. யாருக்கு இறங்கும், யாருக்கு ஏறும் என்பதில் ஏறக்குறைய பாதி, பரம்பரையில் இருக்கிறது. மீதி, வாழும் இடத்திலும் வாழ்க்கையிலும். தோட்டத்து ஆள் என்றாலே குடிகாரன் என்று முத்திரை குத்துபவர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

ஈரலின் கணக்கைப் பார்ப்போம். கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்களவு எதனோல் என்றால், ஏறக்குறைய 47 கிராம். சராசரி ஈரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கரைக்கும். கால் போத்தலுக்கே ஆறு மணித்தியாலம். அரைப் போத்தலை இரவு எட்டு மணிக்கு முடித்தவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதும் இரத்தத்தில் மது மிச்சமிருக்கலாம். நாள்பட்ட குடியில் ஈரல் இன்னொரு நொதியத்தையும் பெருக்கி வேகமாகக் கரைக்கப் பழகும். அப்போது கால் போத்தல் "பத்தாது". இதே நொதியம்தான் பரசிட்டமோலின் ஒரு பகுதியை ஈரலைச் சிதைக்கும் நஞ்சாக மாற்றுகிறது. தினமும் குடித்துவிட்டு உடம்பு வலிக்கு அந்த மாத்திரையை அள்ளிப் போடுபவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு ஊத்தினாலும் ஆடமாட்டார்" என்று பெரியப்பாவை ஊரே மெச்சியது. அது தெம்பின் அடையாளமல்ல. மூளையும் ஈரலும் மதுவுக்கேற்ப வளைந்துவிட்டன என்பதன் முதல் எச்சரிக்கை. ஆள் ஆடாவிட்டாலும் உள்ளே ஈரலில் கொழுப்பு படிந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். தழும்பு இறுகி ஈரல் சுருங்கிய பின் பழைய நிலைக்கு வராது.

குளிருக்கு ஒரு மடக்கு என்பதும் ஏமாற்றுத்தான். மது தோலடி இரத்தக் குழாய்களை விரிக்கிறது, சூடான இரத்தம் மேலே வருகிறது, கதகதப்பாக இருக்கிறது. அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். நுவரெலியா மழையில் நனைந்து வந்தவருக்கு உள்ளுடம்பு இன்னும் குளிர்ந்துதான் போகும்.

வயது போனால் கணக்கு மறுபடியும் மாறும். இளம் ஆணின் உடம்பில் 60 சதவீதமளவு தண்ணீர். முதுமையில் அது 50 சதவீதத்தை நெருங்கும். மது தண்ணீரில்தான் பரவும். அதனால் அதே கால் போத்தல் அறுபது வயதில் கூடுதலாக ஏறும். ஈரலும் கெட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆடாத பெரியப்பா கடைசியில் அரைக் கிளாஸுக்கே படியில் சறுக்கி விழுந்தார்.

விழுந்ததால்தான் வைத்தியசாலைக்குப் போனார். தினமும் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்பதை அங்கேதான் எங்களுக்குச் சொன்னார்கள். விற்றமின் பி1 ஊசி போட்டார்கள். மூளையை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதலில் பேச யாராவது வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றது. தூக்கம் சீராகப் பல மாதம் எடுத்தது. மூளை மறக்க மறுத்தது ஒன்றை மட்டும்: தவறணை இருக்கும் சந்தி, சாராய வாசம், சம்பள நாள். ஆசையைத் தூண்டும் மூளை இரசாயனமான டோபமைனோடு வருடக்கணக்கில் சேர்த்துக் கட்டப்பட்ட நினைவுகள் அவை, மதுவே இல்லாமலும் ஆசையைக் கிளப்பும். சம்பள நாளில் பெரியப்பா இப்போதும் சந்தி வழியாக வருவதில்லை. கோயிலுக்குப் பின்னாலுள்ள குறுக்குப் பாதையில் ஏறி, மூச்சு வாங்க வீடு வந்து சேர்வார்.