பழைய 911-இன் சத்தத்தைப் புது 911-இல் தேடுபவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி தன்னுடைய போர்ஷே 911-ஐ எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். 992 என்ற வகையில் கரேரா எஸ், 2021 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இறங்கியதும் கேட்டார்: "அண்ணா, மாமான்ட பழைய கார் மாதிரி இதுக்கும் சத்தம் வர வேணும். உள்ளுக்கு இருக்கிற ஃபில்டரையும் கேட்டையும் வெட்டி எடுத்துவிடுங்கோ, செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்." கேட் என்று அவர் சொன்னது கேட்டலிடிக் கன்வர்ட்டரை, புகையைச் சுத்தம் செய்யும் பாகம். ஃபில்டர் என்றது புகையில் உள்ள துகளைப் பிடிக்கும் வடிகட்டியை.

லண்டனின் வடமேற்குப் பக்கத்தில் 16 வருடமாகச் சைலன்சர் வேலைதான் செய்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், அதில் ஹாரோ, வெம்பிளிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தத் தம்பியின் மாமா கார் விஷயத்தில் நான் பார்த்தது ஒன்று இருக்கிறது, அதை அவசியம் எழுத வேண்டும்.

முதலில் சத்தம். மாமாவின் கார் 1996-ஆம் வருடத்து 993, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கடைசி 911 வகை. இரண்டு காரிலும் படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்று. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும், ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடி. 6,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,500 சுற்றில், நொடிக்கு 325 வெடி, அதுதான் அந்தச் சத்தத்தின் அடிப்படைச் சுருதி. புது கார் 7,500 வரை சுற்றும், அங்கே கணக்குப் போட்டால் 375. அதாவது கணக்குப்படி புது காரின் உச்சச் சுருதிதான் அதிகம்! அப்படியானால் ஏன் எல்லோரும் பழைய காரை நினைத்து ஏங்குகிறார்கள்?

நாகஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் ஒரே சுருதியில் வாசித்தாலும் கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுகிறோமே, அதே விஷயம்தான். அடிப்படைச் சுருதிக்கு மேலே அடுக்கடுக்காக வருகிற மேல்சுரங்கள்தான் ஒரு சத்தத்துக்கு முகம் கொடுக்கின்றன. 993-இல் வெடித்த வாயு மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் குழாய்), கேட்டலிடிக் கன்வர்ட்டர், சைலன்சர் என்று நேராகப் போய்விடும், ஒவ்வொரு வெடியின் கூர்மையும் கணிசமாக மிஞ்சும். அதோடு எஞ்சினைச் சுற்றித் தண்ணீர்ச் சுவர் இல்லை, பெரிய குளிர்விசிறி ஒன்று பின்னால் விடாமல் சுற்றுகிறது, செயின், வால்வு எல்லாமே வெளியே கேட்கும். நாம் "எக்ஸாஸ்ட் சத்தம்" என்று நினைவில் வைத்திருப்பதில் ஒரு பங்கு எக்ஸாஸ்டே இல்லை.

992-இல் மேனிஃபோல்டு முடிந்ததும் பக்கத்துக்கு ஒரு டர்போ நிற்கிறது, வெளியேறும் வாயுவால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. 911 கரேராவுக்கு எல்லா வகையிலும் டர்போ வந்தது 2015-இல் காட்டிய மாடலில் இருந்து. டர்போவின் டர்பைன், வாயுவின் சூடு, அழுத்தம், துடிப்பு எல்லாவற்றில் இருந்தும் தன் வேலைக்குச் சக்தி எடுக்கிறது. சத்தமாக வெளியே வரவேண்டிய துடிப்பு அங்கேயே உடைந்து மழுங்குகிறது, முதலில் போவது அந்த மேல்சுரங்கள்தான். அதற்குப் பிறகு கேட். அதற்கும் பிறகு ஐரோப்பிய, பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் துகள் வடிகட்டி ஒன்று: தேன்கூடு மாதிரிப் பீங்கான், ஒரு குழலின் முன்வாயையும் அடுத்த குழலின் பின்வாயையும் மாற்றி மாற்றி அடைத்திருப்பார்கள், வாயு நுண்துளைச் சுவரைத் துளைத்துத்தான் அடுத்த பக்கம் போக முடியும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்கு வெளிவிடும் நுண்துகள் 6×10¹¹ எண்ணிக்கைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2017 செப்டம்பரில் புது மாடல்களுக்கும் 2018 செப்டம்பரில் எல்லாப் புது கார்களுக்கும் வந்தது. அந்த வடிகட்டி இல்லாமல் பல கார்கள் அந்த எண்ணுக்குள் வராது. நம் நுரையீரலுக்காக வந்த விதி அது. சத்தம் குறைந்தது அதன் பக்க விளைவு.

சத்தத்துக்கென்றே தனி விதியும் இறுகிக்கொண்டே வந்தது. 1970-இல் ஐரோப்பாவில் கார்களுக்கு 82 டெசிபல் வரை அனுமதி, 90-களின் நடுவில் 74. 2016-இல் அளக்கும் முறையே மாறியதால் பழைய எண்ணையும் புது எண்ணையும் நேராக ஒப்பிட முடியாது, புது முறையில் சாதாரண கார்களுக்கு 72-இல் தொடங்கி, 70, இப்போது புது மாடல்களுக்கு 68 என்று இறங்குகிறது. சக்தி மிகுந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சில டெசிபல் சலுகை உண்டு, அவ்வளவுதான்.

இதே கதை ஃபெராரியிலும் நடந்தது. 2009-இல் வந்த 458 இத்தாலியா, டர்போ இல்லாத 4.5 லிட்டர் வி8, 9,000 ஆர்பிஎம், அங்கே நொடிக்கு 600 வெடி. 2015-இல் அதன் இடத்துக்கு வந்த 488-க்கு இரட்டை டர்போ, உச்சம் 8,000. சக்தி நூறு குதிரை கூடியது, சத்தம் ஒரு படி கீழே உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் லிஃப்ட்டில் ஏற்றி வேலை செய்திருக்கிறேன், எனக்கு 458-தான். அதை மறைக்கப் போவதில்லை. நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2011-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே சேர்த்துக் கொடுத்தது. லெக்சஸ் எல்எஃப்ஏ-வின் வி10-க்கு யமஹாவோடு உட்கார்ந்து ஓர் இசைக்கருவிக்குச் செய்வது போலச் சத்தத்தை அமைத்தார்கள். இழந்தது உண்மையான இழப்புதான் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரித்தான் இதெல்லாம்.

சரி, அந்தத் தம்பி கேட்ட மாதிரி ஃபில்டரையும் கேட்டையும் வெட்டினால் பழைய சத்தம் வருமா? வராது. டர்போ அங்கேயேதான் இருக்கிறது, மழுங்கிய துடிப்பு மழுங்கினதுதான். வெட்டினால் கூடுவது அளவு மட்டும். காரமில்லாத குழம்பில் உப்பை அள்ளிப் போடுவது போன்றது அது. கூடவே வருவது உள்ளே விடாமல் அடிக்கும் முரல்: 2,000 ஆர்பிஎம்மில் மோட்டார்வேயில் போகும்போது ஆறு சிலிண்டருக்கு 100 ஹெர்ட்ஸ், காரின் உள்ளறைக்கு அது ரொம்பப் பிடித்த எண், ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடும். அதை அடக்கப் பக்கவாட்டில் ஒரு மூடிய குழாய் வைக்கலாம். ஆனால் சூடான வாயுவில் ஒலி நொடிக்கு 500 மீட்டர் போல் ஓடுவதால் கால் அலை நீளம் 1.25 மீட்டர் வரும், 911-இன் பின்பக்கத்தில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே இடம்? தலைவலி தாங்காமல் வெட்டிய குழாயை மறுபடி பொருத்தச் சொல்லி வந்தவர்கள் உண்டு. இரண்டு முறை கூலி, அதற்கு மேல் புது கேட்டின் விலை.

இன்னொரு விஷயம், யூடியூப். அந்தத் தம்பி எனக்குக் காட்டிய வீடியோவில் இருந்தது அமெரிக்க 992. அங்கே விற்ற அந்தக் காரில் இந்தத் துகள் வடிகட்டி இல்லை. அதே சைலன்சரை வாங்கி லண்டன் காரில் பொருத்திவிட்டு "ஏன் வீடியோ மாதிரி இல்லை" என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுதான். இரண்டாவது, ஃபோன் மைக் உரத்த சத்தத்தைத் தானாக அமுக்கிச் சின்னச் சத்தத்தை ஏற்றிக் காட்டும். ஃபோனில் கேட்டு ஒரு சைலன்சரைத் தேர்ந்தெடுப்பது, புகைப்படம் பார்த்துச் சாப்பாட்டின் ருசி சொல்வது மாதிரி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சைலன்சரைச் சத்தம் கூடும்படி மாற்றுவது 1986-ஆம் ஆண்டின் வாகன விதிகளில் 54-ஆவது விதிப்படியே தவறு. காரோடு வந்த கேட், ஃபில்டர் இல்லையென்றால் எம்ஓடி என்ற வருடாந்தரப் பரிசோதனையில் ஃபெயில். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் சத்தத்தைப் பிடிக்கும் கேமராவே வைத்திருக்கிறார்கள். உங்கள் லாக்புக்கை (காரின் பதிவுப் பத்திரம்) எடுத்துப் பாருங்கள், யு.1 என்று நின்ற நிலைச் சத்தமும், யு.2 என்று அதை அளந்த ஆர்பிஎம்மும், யு.3 என்று ஓடும்போது உள்ள சத்தமும் போட்டிருக்க இடம் உண்டு. யு.1-ஐக் குழாயின் வாயில் இருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் வைத்து அளப்பார்கள். உங்கள் கார் அந்த எண்ணில் நிற்கிறதா என்று எந்த நல்ல கடையிலும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இப்போது மாமா கார். தம்பியிடம், "முதலில் மாமாவின் காரைக் கொண்டு வாருங்கள், நீங்கள் கேட்கிற சத்தம் என்ன சத்தம் என்று நானும் கேட்கிறேன்" என்றேன். சனிக்கிழமை காலை மாமா வந்தார், அறுபதைத் தாண்டியவர், காரைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஆரம்பத்திலேயே டிக் டிக் என்று ஒரு துடிப்பு, சூடு ஏற ஏற அது குறைந்து, அப்புறம் அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு. தம்பி முகம் மலர்ந்து, "இதுதான் அண்ணா!" என்றார்.

லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தால் இடது பக்கம் குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட் இரண்டு முறிந்திருந்தது. இந்த வயதுக் கார்களில் அது வழக்கம். ஹீட்டருக்குச் சூடு எடுத்துத் தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வெல்டில் ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கறை. தம்பிக்குப் பிடித்த அந்தக் கரகரப்பில் பாதி, ஒழுகும் வாயுவின் சத்தம்.

மாமாவிடம் கேட்டேன், "ஐயா, ஹீட்டர் போட்டு ஓட்டும்போது ஏதாவது செய்யுமா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குளிர் நாளில கொஞ்சத் தூரம் ஓடினா தலை இடிக்கும் தம்பி. வயசுதானே எண்டு நினைச்சுக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுறனான்."

காற்றால் குளிரும் 911-களில் ஹீட்டருக்குத் தண்ணீர் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு உறை, அந்த உறைக்குள் ஓடும் காற்று சூடாகி நேராக உள்ளே வருகிறது. உறைக்குள் குழாய் வெடித்திருந்தால் புகையும் கூடவே வரும். அதுவும் அந்த இடம் கேட்டுக்கு முன்னால் இருக்கிறது, அங்கே ஒழுகுவது சுத்தம் செய்யப்படாத கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், அப்புறம் மயக்கம். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது மயக்கம் என்றால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மாமாவைக் காப்பாற்றியது அந்தத் திறந்த கண்ணாடி என்றே நினைக்கிறேன்.

ஆகவே பழைய ஏர்கூல்டு கார் வைத்திருப்பவர்களே, கார் வருடா வருடம் "இன்னும் நன்றாகப் பாடுகிறது" என்று தோன்றினால் சந்தோஷப்படாதீர்கள், லிஃப்ட்டில் ஏற்றுங்கள். குளிர் ஸ்டார்ட்டில் டிக் டிக், ஹீட்டரில் எண்ணெய் அல்லது புகை வாடை, ஓட்டி இறங்கியதும் தலைவலி, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹீட்டரை மூடிவிட்டுக் கடைக்கு வாருங்கள். வாடை இல்லாததால் ஒழுக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே 40 வருடம் தாண்டிய கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை, அதனால் 70-களின் கார்களை வேறு யாரும் கீழிருந்து பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். மின்கலத்தில் ஓடும் கையடக்க மோனாக்சைடு அலாரம் சின்னச் செலவுதான்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலில் முதல் சில வருடங்கள் காதடைப்பான் இல்லாமல் திறந்த குழாய்க்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். இன்று இரவு படுத்தால் வலது காதில் 'கீ' என்று ஒரு கோடு, அது நிற்பதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100-க்குப் போனால் 15 நிமிடம்தான். சைலன்சர் கழற்றிய ஸ்போர்ட்ஸ் காரை ரெவ் செய்தால் பக்கத்தில் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். நண்பர்கள் வட்டமாக நின்று ஃபோனில் பிடிக்கிற அந்த நேரத்தில் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

தம்பிக்கு என்ன செய்தோம் என்றால், கேட்டையும் ஃபில்டரையும் தொடவில்லை. பின் சைலன்சரை மட்டும் இ-மார்க் (ஐரோப்பிய அனுமதி முத்திரை) உள்ள ஒன்றுக்கு மாற்றினோம், அந்த முத்திரை எண்ணை அவரே உலோகத்தில் விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். அளந்தேன், லாக்புக்கின் யு.1-க்குள்தான் நிற்கிறது. சத்தம் பெரிதாகவில்லை, 4,000-க்கு மேல் கொஞ்சம் திறந்து வருகிறது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர் அவர், கேட்டைச் சூடாக்க எஞ்சின் முதல் நிமிடம் வேகமாகச் சுற்றும், அந்த நேரம் ரெவ் செய்ய வேண்டாம், மெதுவாகத் தெருவைத் தாண்டிப் போங்கள் என்றேன்.

மாமா காருக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் ஸ்டட்டுகளும் மாற்ற ஒன்பது நாள் ஆனது. எடுத்துப்போக இருவரும் வந்திருந்தார்கள். ஸ்டார்ட் செய்ததும் தம்பி ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்ப மாமான்ட காரே வேற மாதிரிக் கேக்குது" என்றார். கரகரப்பு போய், ஆறு சிலிண்டரும் சீராக, தெளிவாக. மாமா ஒன்றும் சொல்லவில்லை, வெளியே இரண்டு பாகைக் குளிர், ஏறி உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.