தேதி பொய்த்தாலும் நம்பிக்கை ஏன் பிழைக்கிறது?

1844 அக்டோபர் 22 அன்று இயேசு திரும்பி வருவார் என்று அமெரிக்காவில் பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டிருந்தார்கள். வேலையையும் கடையையும் விட்டவர்களும் உண்டு. நள்ளிரவு தாண்டியது; யாரும் வரவில்லை.

இதைத் தொடங்கிவைத்தவர் வில்லியம் மில்லர் என்ற விவசாயி. பைபிளிலுள்ள தானியேல் புத்தகம் சொல்லும் 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு கி.மு. 457இலிருந்து எண்ணினார். அந்தக் குறிப்பிட்ட நாளைச் சொன்னது அவரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்னோ.

மறுநாளே ஹிராம் எட்சன் என்ற விசுவாசிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. நாள் சரிதானாம், இயேசு பூமிக்கு வரவில்லை, பரலோகத்திலுள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போயிருக்கிறாராம். பலர் இயக்கத்தை விட்டுப்போனார்கள். இந்த விளக்கத்தை ஏற்ற சிறு கூட்டம்தான் 1863இல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையாக உருவெடுத்தது.

2011இலும் இதே கதை. வானொலிப் பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் மே 21 என்றார். அதை நம்பி, சிலர் தங்கள் சேமிப்பையே அதை அறிவிக்கும் விளம்பரப் பலகைகளுக்குக் கொடுத்தார்கள். நாள் கடந்ததும், நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, உலகம் அழிவது அக்டோபர் 21 அன்று என்றார். கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததை யாராலும் பொய்யென்று காட்ட முடியாது அல்லவா? அந்த அக்டோபரும் சும்மா போனது.

உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இதற்கு 'அறிதல் முரண்பாடு' என்ற விளக்கம் தந்தார். 'நான் விவேகமானவன்', 'இருந்ததையெல்லாம் ஒரு பொய்க்காகக் கொடுத்துவிட்டேன்' என்ற இரண்டையும் மனம் சேர்த்துச் சுமக்கத் திணறும். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே விளக்கத்தை மாற்றுவதே சுலபம். பக்கத்தில் அதே விளக்கத்தைச் சொல்ல நாலு பேர் இருந்தால் இன்னும் சுலபம். தனியாக இருப்பவர் சீக்கிரம் விட்டுவிடுவார் என்பது அவர் கருத்து. பெருவெள்ளத்தால் உலகம் அழியும் என்று நாள் குறித்துக் காத்திருந்த ஒரு சிறு குழுவைப் பற்றிய அவரது 1954ஆம் ஆண்டு ஆய்வை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு: ஆய்வாளர்களே விசுவாசிகள்போல நடித்து அந்தக் குழுவுக்குள் புகுந்திருந்தார்கள். அவர்கள் இருந்ததே குழுவுக்குத் தெம்பு தந்திருக்கலாம்.

எல்லாரும் இப்படிச் சமாளிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேம்பிங் 2012இல் தன் தவறை ஒப்புக்கொண்டு, இனி தேதி குறிப்பதில்லை என்றார். மில்லரும் கணக்குப் பிசகியதை ஒப்புக்கொண்டார். ஆனால் வருகை சமீபம் என்பதை மட்டும் 1849இல் இறக்கும்வரை விடவில்லை. கணக்குதான் தப்பு, வேதம் தப்பல்ல என்று பிரித்துவிட்டால் நம்பிக்கைக்குச் சேதம் குறைவு. விற்ற நிலமும் செலவான சேமிப்பும் மட்டும் எந்த விளக்கத்தாலும் திரும்புவதில்லை.