கன்றுகளை இந்தப் பக்கம் விட வேண்டாம்

நமீபியாவின் நடுப்பகுதியில் மாட்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் விரிந்து கிடக்கின்றன. அந்தப் பண்ணைக்காரர்களுக்கு நெடுநாளாக ஒரு விஷயம் பிடிபடவில்லை. ஒருவர் ஆண்டுதோறும் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளிடம் கன்றுகளைப் பறிகொடுப்பார். இன்னொருவர் பெரிய சேதமில்லாமல் தப்பித்துவிடுவார். இருவர் நிலத்திலும் ஒரே மாதிரியான புல், ஒரே மாதிரியான முட்புதர். பொறுமை இழந்தவர் துப்பாக்கியை எடுத்து ஒன்றிரண்டைச் சுட்டுத் தள்ளினாலும், கொஞ்ச நாளில் வேறொரு சிவிங்கிப்புலி அதே இடத்தில் வந்து நிற்கும்.

பெர்லினில் இயங்கும் லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தப் பண்ணைகளில் பல ஆண்டுகள் தங்கி வேலை செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிவிங்கிப்புலிகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி, அவை போய்வந்த பாதைகளையெல்லாம் வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். 2020-இல் முடிவுகள் வெளியாயின. புதிருக்கு விடை மாட்டிடம் இல்லை, மரத்தடியில் இருந்தது.

ஆண் சிவிங்கிப்புலிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்குச் சொந்த எல்லை இருக்கும். அதை விட்டு அதிகம் நகராது. மற்றொரு வகைக்கு எல்லை கிடையாது. அது நாடோடி. எல்லைக்காரனைப்போல் பல மடங்கு பரப்பில் அலைந்துகொண்டே இருக்கும். இரண்டும் தவறாமல் வந்துபோகிற இடம் ஒன்று உண்டு. எல்லையின் நடுவே சில மரங்கள், பாறைகள், கறையான் புற்றுகள். எல்லைக்காரன் அவற்றின் மேல் சிறுநீர் தெளித்து, எச்சமிட்டுத் தன் வாசனையை விட்டுப்போகும். நாடோடி ஆண்கள் அதை முகர்ந்து பார்க்க வரும்: இடத்துக்குச் சொந்தக்காரன் இன்னும் இருக்கிறானா, தெம்பாக இருக்கிறானா? பெண்களும் அவ்வப்போது வந்து தங்கள் வாசனையை விட்டுச் செல்லும். மொத்தத்தில் அது ஊர் நடுவே இருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி.

பலகை இருக்கும் இடத்தில் கூட்டம் சேரும். இப்படிப்பட்ட மையங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சீரான தொலைவில் அமைந்திருந்தன. அவற்றுக்கு நடுவே கிடந்த பெரும் நிலப்பரப்பில் சிவிங்கிப்புலி நடமாட்டம் குறைவு. மையம் யாருடைய நிலத்தில் விழுந்ததோ அவருக்குத்தான் நஷ்டம். சுட்டாலும் பயனில்லாமல் போனது இதனால்தான். எல்லைக்காரன் செத்தால் நாடோடிகளில் ஒன்று அதே மரங்களோடு அதே எல்லையைப் பிடித்துக்கொள்ளும். விலங்கு மாறும், மையம் மாறாது.

ஆய்வாளர்கள் பண்ணைக்காரர்களிடம் சொன்ன யோசனை எளிமையானது: சின்னக் கன்றுகள் உள்ள மந்தையை மையத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள், தள்ளி மேயுங்கள். அதைக் கேட்டு நடந்தவர்களின் கன்று இழப்பு 86 சதவீதம் குறைந்தது. சிவிங்கிப்புலிகள் மந்தையைத் தேடிப் போகவில்லை. மையத்தைச் சுற்றியே இருந்துகொண்டு காட்டில் கிடைத்ததைத் தின்றன.

இந்தத் தகவலைச் சேர்ப்பது எப்படி? அதற்கும் அந்த மரம்தான் வழி. மரத்தைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து, ஒரே ஒரு திறப்பு விட்டு, அந்தத் திறப்பில் கூண்டை வைப்பார்கள். உள்ளே இரை எதுவும் வேண்டியதில்லை. மரத்தை முகர்ந்தே ஆக வேண்டும் என்ற ஆசையே சிவிங்கிப்புலியைக் கூண்டுக்குள் கொண்டுவந்துவிடும். அப்புறம் மயக்க ஊசி, எடை, ரத்த மாதிரி, கழுத்துப்பட்டை. பட்டை போடாதவற்றைத் தானியங்கி கேமராக்கள் பார்த்துக்கொள்ளும். எந்த இரண்டு சிவிங்கிப்புலிக்கும் புள்ளிகள் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதால் படத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். என்ன தின்றது என்று அறிய எச்சத்தைச் சல்லடையில் அலசுவார்கள். மிஞ்சும் முடியை நுண்ணோக்கியில் வைத்தால், அதன் மேல்தோல் செதில்களின் அமைப்பு இரை மானா மாடா என்று காட்டிக்கொடுக்கும். காட்டு விலங்கு ஆய்வென்றால் நாளெல்லாம் விலங்கைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பாதி வேலை மூக்கைப் பொத்திக்கொண்டு செய்வது.

விலங்கு எங்கே போனது என்று கழுத்துப்பட்டை சொல்லும், ஏன் போனது என்று சொல்லாது. அதற்குச் சோதனை வைக்க வேண்டும். விலங்கு நடத்தை ஆய்வாளர் கேரன் மெக்கோம்பும் உடன் பணியாற்றியவர்களும் தான்சானியாவின் செரெங்கெட்டியில் பெண் சிங்கங்களுக்கு ஒலிபெருக்கி மூலம் அந்நியப் பெண் சிங்கங்களின் கர்ஜனையைப் போட்டுக் காட்டினார்கள். சில சமயம் ஒற்றைக் குரல், சில சமயம் மூன்று குரல்கள். ஒற்றைக் குரல் கேட்டால் அதிகம் தயங்காமல் அதை நோக்கிப் போயின. மூன்று கேட்டபோது தங்கள் பக்கம் ஆள்பலம் கூடுதலாக இருந்தால்தான் கிளம்பின. இல்லையென்றால் தயங்கி நின்றன. அதாவது, கேட்ட குரல்களைத் தன் கூட்டத்தின் பலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. 1994-இல் வெளியான ஆய்வு இது.

சிங்கக் கூட்டத்தின் இந்தக் கணக்குவழக்கு தெரியாமல் துப்பாக்கி தூக்கினால் என்ன ஆகும்? கூட்டத்தைக் காக்கும் ஆணைச் சுட்டுவிட்டால் வெளியிலிருந்து புதிய ஆண்கள் நுழைந்து பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு குண்டுக்குப் பல உயிர்கள். அனுமதி பெற்ற வேட்டை நடக்கும் நாடுகளில் வயதான ஆண்களை மட்டும் சுடவேண்டும் என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். அந்த வயதுக்குள் அவற்றின் குட்டிகள் வளர்ந்திருக்கும். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பார்த்து. இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கறுப்புப் புள்ளிகள் பரவும். செரெங்கெட்டிச் சிங்கங்களில் பாதிக்கு மேல் மூக்கு கறுத்திருந்தால் ஐந்து வயதைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம் என 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் நடந்த பூமா ஆய்வு. பூமா என்பது மலைச்சிங்கம் என்றும் அழைக்கப்படும் பெரிய பூனையினம். பூமா கொன்றுபோட்ட மானின் அருகே கேமராவையும் ஒலிபெருக்கியையும் ஒளித்து வைத்தார்கள். அது தின்ன வந்ததும் ஒரு சோதனையில் மனிதப் பேச்சு ஒலிக்கும், மற்றொன்றில் தவளைச் சத்தம். தவளைச் சத்தத்தைப் பூமாக்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. மனிதக் குரல் கேட்டதும் பெரும்பாலானவை ஓட்டம் எடுத்தன. திரும்பி வந்தாலும் அரைகுறையாகத்தான் தின்றன. அதே பகுதியில் வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் வாழும் பெண் பூமாக்கள் மற்றவற்றைவிட 36 சதவீதம் அதிகமாக மான்களைக் கொன்றன. வெறியால் அல்ல. கொன்றதை நிம்மதியாகத் தின்ன முடியாததால் மறுபடி வேட்டையாட வேண்டியிருந்தது. நாம் அந்த விலங்கை ஒன்றும் செய்யாமல் சும்மா பேசிக்கொண்டிருந்தாலே அதன் வேட்டைக் கணக்கு மாறிவிடுகிறது!

இதுபோன்ற தயக்கத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சிங்கமும் சிறுத்தையும் பதுங்கிப் பாய்பவை. இரை தன்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் பல நேரம் முயற்சியைக் கைவிடும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் மாடுகளின் பின்புறத்தில் பெரிய கண்களைப் பெயின்டால் வரைந்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் கண் வரையப்பட்ட 683 மாடுகளில் ஒன்றைக்கூட இவை கொல்லவில்லை. எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 இறந்தன. பெருக்கல் குறி மட்டும் போட்ட 543-இல் 4. இதில் ஒரு சிக்கல்: மந்தையில் எல்லா மாட்டுக்கும் கண் வரைந்துவிட்டால் பலன் இப்படியே இருக்குமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. தவிர, துரத்தியே பிடிக்கும் காட்டுநாய்க்கும் கழுதைப்புலிக்கும் இந்தத் தந்திரம் எடுபடும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

விலங்கின் நடத்தையைக் கணக்கில் எடுக்காமல் எடுத்த முடிவுக்கு உதாரணம் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர். அங்கே கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் மனிதர்களுக்கு நடுவிலேயே வாழ்கின்றன. 2001-இலிருந்து சில ஆண்டுகள் அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். சரி, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், இடமாற்றம் நடந்த காலத்தில் 17 ஆனது. சிறுத்தைக்குத் தன் இடம் எதுவென்று நன்றாகத் தெரியும். பழக்கமில்லாத காட்டில் விட்டால் அங்கே நிற்காமல் வீடு தேடிக் கிளம்பும், அல்லது மிரண்டுபோய் அக்கம்பக்கத்து ஊர்களில் சுற்றும். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவரது குழுவினரும் இந்த விவரங்களை 2011-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஊருக்கருகே கண்ணில் பட்டது என்பதற்காகவே ஒரு சிறுத்தையைப் பிடித்து வேறிடத்தில் விடும் வழக்கம் கூடாது என்றன.