முகம் தெரியாத பொலிஸ்காரர் மேல் எப்படி வழக்குப் போடுவது?

அடிப்படை உரிமை மீறல் மனு எழுத உட்கார்ந்தால் முதலில் நிரப்ப வேண்டியது பிரதிவாதிகளின் விபரம். இன்ன பொலிஸ் நிலையம், இன்ன பதவி, இன்ன இலக்கம். அந்த இடத்தில் "கறுப்புத் துணியால் முகத்தை மூடியிருந்த இருவர்" என்று எழுத வேண்டி வந்தால், மனு புறப்படும் முன்பே நொண்டத் தொடங்கிவிடுகிறது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் வேலை செய்கிற சட்டத்தரணியாக எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: இலங்கையில் கடமையில் இருக்கும் பொலிஸார் முகத்தை மூடுவதற்குச் சட்டத்திலேயே கட்டுப்பாடு எழுதப்பட வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது பெரிதாக எழுந்தது அமெரிக்காவில். 2025 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் குடிவரவு அதிகாரிகள் முகமூடியோடு வந்து வீதியிலும் வேலைத்தலங்களிலும் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கலிபோர்னியா மாநிலம் அதற்குத் தடை போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாறுவேடப் புலனாய்வு, மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பெயரோ இலக்கமோ வெளியே தெரிய வேண்டும் என்று கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. மத்திய அரசு எதிர்த்து நீதிமன்றம் போனது. அது அவர்களுடைய மத்திய, மாநில அதிகாரத் தகராறு, அதை விட்டுவிடுவோம். அவர்களுக்குப் புதிதாக வந்த பயம் நமக்குப் பழையது.

தலையாட்டியைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சாக்கால் தலையை மூடியவன் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தால் போதும், அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். 1987 முதல் 1989 வரை தெற்கில் சிங்கள இளைஞர்களுக்கும் இதுவே நடந்தது, அவர்கள் அவனை கோணி பில்லா என்றார்கள். பிறகு, வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திப் போன காலம். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் கடற்படையினர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கட்டத்துக்கு வரவே எத்தனை ஆண்டுகள் போயின!

போர்க்காலக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 ஏப்ரல் 5ஆம் திகதி, நாடாளுமன்றத்துக்கு அருகே மக்கள் கூடியிருந்த இடத்துக்கு முகத்தை மூடிய, துப்பாக்கி ஏந்திய ஆட்கள் இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். கடமையில் இருந்த பொலிஸாரே அவர்களை மறித்தார்கள். அவர்கள் இராணுவத்தினர். மறித்த பொலிஸாரை விசாரிக்கும்படி இராணுவத் தளபதி பொலிஸ் மா அதிபரைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, 2023 டிசம்பர் 31 அன்று, கொழும்பு குற்றத்தடுப்புப் பிரிவினர் சிவில் உடையில் வான் ஒன்றில் வெலிகமைக்குப் போய் ஒரு ஹோட்டலில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். வெலிகமப் பொலிஸாருக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை, திருப்பிச் சுட்டார்கள். கொழும்பிலிருந்து போன பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே முகமூடி இருந்ததா இல்லையா என்பதல்ல என் கவலை. அடையாளம் இல்லாமல் ஆயுதத்தோடு வருகிற பொலிஸ்காரர் தன் சகாவின் துப்பாக்கிக்கே இலக்காகலாம் என்பது இங்கே ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம்.

உடுப்பை வைத்து ஆளை நம்பவும் முடியாது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதவான் நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன், குழிவெட்டிய சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் ஒரு சந்தேகநபரைச் சுட்டுக் கொன்றான். எங்கள் கோட்டைப் போடுவதே இவ்வளவு சுலபம் என்றால், முகத்தை மூடிக்கொண்டு "பொலிஸ்" என்று கதவைத் தட்டுவது எவ்வளவு சுலபம்?

கொட்டாஞ்சேனைப் பக்கத்து அம்மா ஒருவர், மகனைக் கொண்டுபோன விதத்தை என்னிடம் சொன்னார். இரவுச் சாப்பாட்டு நேரம், நான்கு பேர், எல்லாருக்கும் கறுப்புத் துணி மூக்குக்கு மேல் வரை. ஒருவனுடைய சப்பாத்து நூல் மட்டும் பழுப்பு நிறம், இன்னொருவன் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தான். இவ்வளவையும் கவனித்து வைத்திருந்த அம்மாவிடம் முகத்தைப் பற்றிக் கேட்டேன். "கண் மட்டுந்தான் பிள்ளை தெரிஞ்சது. கண்ணை வச்சு ஒருத்தன்ட பேரைச் சொல்லலாமா? பாவமெல்லே" என்றார். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் தங்கள் ஆட்கள் யாரும் போகவில்லை என்றார்கள். மகன் வேறொரு நிலையத்தில் இருப்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. அடித்திருந்தார்கள். அடித்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

இங்கேதான் சட்டம் அறுகிறது. யார் அடித்தார் என்று தெரியாவிட்டாலும், அரசு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழ் ஏழு முதல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை கொடுப்பதானால் கூண்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அவர்தான் என்று சாட்சி கைகாட்ட வேண்டும். முகத்தையே பார்க்காத சாட்சிக்கு அடையாள அணிவகுப்பு வைத்து என்ன பயன்? சரி, நிலையத்தின் அவுட் என்ட்ரியைப் பார்க்கலாமே என்பீர்கள். யார் எத்தனை மணிக்கு எதற்காக வெளியே போனார் என்ற பதிவு அதில் இருக்க வேண்டும்தான். அதை எழுதுவதும் அதே நிலையத்து ஆட்கள்தானே.

2006 ஜூலையில் ஜனாதிபதி விடுத்த பணிப்புரை ஒன்று உண்டு. கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், கைதை உறுதிப்படுத்தி உறவினருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. வெள்ளை வான் ஓடிய அதே காலம்! பணிப்புரை போதாது, மீறினால் தண்டனை உள்ள சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பொலிஸார் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பாதாள உலகக் கும்பலைப் பிடிக்கப் போகிறவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் முகநூலில் போனால் மிரட்டல் வீடு தேடி வரும். இந்தப் பயம் உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. அதற்காகத்தான் இலக்கம் என்கிறேன். நெஞ்சில் தெளிவாகத் தெரிகிற இலக்கம் அவருடைய வீட்டையும் காட்டாது, குடும்பத்தையும் காட்டாது, விசாரணை வந்தால் ஆளை மட்டும் காட்டும். உயிராபத்துள்ள ஒரு நடவடிக்கைக்கு முகத்தை மூடத்தான் வேண்டும் என்றால், மூத்த அதிகாரி ஒருவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும், இலக்கம் வெளியே இருக்கட்டும், போனவர்களின் பட்டியல் நீதவானுக்குப் போகட்டும். வீதிச் சோதனைக்கும், ஆர்ப்பாட்டத்துக்கும், வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் அந்த விலக்கு கிடைக்கக் கூடாது.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அவசரகால விதியின் கீழ் அரசு என்ன சொன்னது? ஆளை அடையாளம் காண முடியாதபடி முகத்தை மூடக் கூடாது, பாதுகாப்புக்குக் கேடு என்றது. காது உட்பட முழு முகமும் தெரிய வேண்டும் என்று வரைவிலக்கணமும் கொடுத்தது. வெள்ளவத்தையிலும் மருதானையிலும் எத்தனை முஸ்லிம் பெண்கள் வெளியே இறங்கவே கூசினார்கள்! நிராயுதபாணியான ஒரு பெண்ணின் முகம் தெரியாவிட்டால் நாட்டுக்கு ஆபத்து, துப்பாக்கி வைத்திருப்பவரின் முகம் தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் ஏற்க மாட்டேன்.

சட்டம் வரும் வரை செய்யக் கூடியதைச் சொல்கிறேன். முகத்தை மூடியவர்கள் வந்தால் முரண்டு பிடிக்காதீர்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். எந்தப் பொலிஸ் நிலையம், என்ன காரணம் என்று சத்தமாக, அக்கம்பக்கத்துக்குக் கேட்கிறபடி கேளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. 119க்கு அழைத்து, இந்த முகவரிக்குப் பொலிஸார் வந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அந்த அழைப்பே நேரத்துக்குச் சாட்சியாகும். வாகன இலக்கம், நிறம், எந்தப் பக்கம் போனது, எதிர்க்கடையில் சிசிடிவி இருக்கிறதா என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். கமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், ஆகவே கடைக்காரரிடம் மறுநாளே பேசுங்கள். அப்புறம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்து முறைப்பாட்டையும் தாமதிக்காமல் கொடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பதிவு இலக்கத்தையும் திகதி முத்திரை வைத்த பிரதியையும் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.