ஷபாத்: ஓய்வுநாள் என்ற சொல்லின் ஆழம்

யூதர்களின் எபிரேய மொழியில் ஞாயிறு முதல் வெள்ளி வரை உள்ள நாட்களுக்குத் தனிப் பெயர் கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். அவர்களின் ஓய்வுநாளான ஏழாம் நாளுக்கு, அதாவது சனிக்கிழமைக்கு, மட்டும் பெயர் உண்டு: ஷபாத். நாம் சனிக் கோளின் பெயரைக் கிழமைக்கு வைத்திருக்கிறோம். அவர்களோ கிழமையின் பெயரைக் கோளுக்கு வைத்து, சனியை ஷப்தாய் என்கிறார்கள். ஸ்பானியர்களின் சாபதோ, ரஷ்யர்களின் சுபோத்தா, இந்தோனேசியர்களின் சப்து எல்லாம் சனிக்கிழமைக்கான பெயர்கள். எல்லாமே இந்தச் சொல்லிலிருந்து கிளைத்தவை.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து பிறக்கும். ஷபாத்தோடு தொடர்புடைய வினைக்கு 'நிறுத்து', 'செய்வதை விடு' என்பதே அடிப்படைப் பொருள். களைப்பாறுதலுக்கு அங்கே மெனுகா என்று வேறு சொல் இருக்கிறது. ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்தார் என்று யூதர்களின் மறைநூலான தோரா சொல்வதும் இந்த வினையைக் கொண்டுதான். கடவுள் களைத்துப் போய்ப் படுத்தார் என்று அதற்கு அர்த்தமில்லை, படைப்பதை நிறுத்தினார். ஏழு என்பதற்கான ஷேவா என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒலி நெருங்கினாலும் இரண்டின் இறுதி மெய்யும் வேறு. பண்டை மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் முழுநிலா நாளைக் குறித்த ஷபத்து என்ற சொல்லோடும் உறவு தேடியிருக்கிறார்கள். அதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

தமிழ் விவிலியம் இதற்கு 'ஓய்வுநாள்' என்ற சொல்லை ஆள்கிறது. என் பார்வையில் இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஓய்வு என்றதும் இன்று நமக்குச் சாய்வு நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மழை ஓய்ந்தது, சத்தம் ஓய்ந்தது என்கிறோமே, அங்கே ஓய்தல் என்றால் நிற்பது, அடங்குவது. பணி ஓய்வு என்பதிலும் அதே பொருள்தான். தொல்காப்பிய உரியியலும் ஓய்தலை 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது, அதாவது இருந்த ஒன்று குறைந்து போவது. ஷபாத்தின் இரு பக்கத்தையும், நிறுத்துவதையும் இளைப்பாறுவதையும், இந்த ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. 'சனிக்கிழமை விடுமுறை' என்று எழுதினால் இவ்வளவும் போய்விடும்.

எதை நிறுத்துகிறார்கள்? பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா 39 வகை வேலைகளை வரிசைப்படுத்துகிறது: உழுதல், விதைத்தல், அரைத்தல், நெய்தல், முடிச்சுப் போடுதல், எழுதுதல், நெருப்பு மூட்டுதல். உடல் உழைப்பு எவ்வளவு என்பது கணக்கில்லை. பொருளை உருவாக்குவதும் மாற்றுவதும்தான் கணக்கு. அதனால்தான் பழமையைக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் அன்று கைபேசியைத் தொடுவதில்லை, கார் ஓட்டுவதில்லை, விளக்கின் சுவிட்சைக்கூடப் போடுவதில்லை. ஷபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். அன்று சூரியன் மறைவதற்குள், வழக்கமாக 18 நிமிடம் முன்பாகவே, வீட்டுப் பெண் விளக்கேற்றிக் கண்களை மூடி ஆசி சொல்கிறாள். அப்புறம் திராட்சை ரசத்தின் மேல் கிதூஷ் என்ற துதி, இரண்டு ஹல்லா ரொட்டி, குடும்பத்தோடு சாப்பாடு. மறுநாள் சமைக்கக் கூடாது என்பதால் இறைச்சியும் பயறும் போட்ட சோலந்து வெள்ளி மாலையே அடுப்பேறி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகும். சனி இரவு மூன்று விண்மீன் தெரிந்த பின், நறுமணப் பொருளை முகர்ந்து, பின்னிய மெழுகுவத்தி ஏற்றி விடை கொடுப்பார்கள்.

இந்த நாளைக் காப்பாற்றக் கொடுத்த விலை சாதாரணமல்ல. கி.மு. 167 வாக்கில் கிரேக்க அரசின் படை தாக்கியபோது, ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று ஆயிரம் பேர் வரை உயிர்விட்டதாக அக்கால யூதர்களின் போராட்டத்தைச் சொல்லும் மக்கபேயர் நூல் கூறுகிறது. அதற்குப் பிறகுதான் தற்காப்புக்குப் போரிடலாம் என்று முடிவெடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் ஷபாத்தை மீறுவதே கடமை என்பது பின்னாளில் உறுதியான விதியானது. ஸ்பெயின் 1492இல் யூதர்களை வெளியேற்றியபோது, மதம் மாறி அங்கேயே தங்கியவர்களில் பலர் ரகசியமாக விளக்கேற்றினார்கள். சனிக்கிழமை யார் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை என்று பார்த்துச் சொல்லும்படி கத்தோலிக்க மத விசாரணை மன்றம் அக்கம்பக்கத்தாரைக் கேட்டது.

நம் நாட்டுக் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகள் பிற யூதர்களோடு தொடர்பில்லாமல் வாழ்ந்த பெனே இஸ்ரேல் மக்கள் எபிரேய மொழியையே பெரிதும் மறந்துவிட்டார்கள். தொழில் எண்ணெய் ஆட்டுவது. ஆனால் சனிக்கிழமை செக்கு ஓடாது. ஊரார் அவர்களை 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்றே அழைத்தார்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். 'சப்பாத்து' என்று ஒலிபெயர்க்க வேண்டாம். இலங்கைத் தமிழில் அது போர்த்துக்கீசியம் வழி வந்த காலணி. 'ஓய்வுநாள்' என்று மட்டும் எழுதினால் சில இடங்களில் ஞாயிறு என்று புரிந்துகொள்ளப்படும், ஏனென்றால் நம் திருச்சபைகளில் ஞாயிறு வகுப்பை ஓய்வுநாள் பள்ளி என்பது வழக்கம். ஆகவே முதல் முறை 'யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்' என்று எழுதி, பிறகு ஏதாவது ஒன்றைத் தொடரலாம்.