உட்சரம்: சொல்லும் தேடலும்

நிரல் எழுதுவோர் 'சப்ஸ்ட்ரிங்' என்பது ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துகளின் வரிசைக்குள், இடைவிடாமல் அமைந்த பகுதி. 'ஸ்ட்ரிங்' ஆங்கிலத்தில் கயிறு. பிறகு கோத்த வரிசைக்கும் ஆனது. பூச்சரம், முத்துச்சரம் என்று வழங்கும் நமக்குச் 'சரம்' இயல்பாகவே பொருந்திவிட்டது. 'சப்' என்பதைத் 'துணை' ஆக்கித் துணைச்சரம் என்றும் எழுதுகிறார்கள். துணைவேந்தர், துணைத்தலைவர் போலப் பக்கத்தில் நிற்பதையே அது உணர்த்துகிறது. இதுவோ உள்ளே இருப்பது. கணிதப் பாடநூல்களின் 'உட்கணம்' போல உட்சரம் என்பதே சரி.

உட்சரத் தேடலுக்கு முன் வரும் சிக்கலான அடைமொழி 'கல்ச்சர் சென்சிட்டிவ்'. 'பண்பாடு சார்ந்த' என்று பெயர்த்தால் கலை, வழக்கம் என்று எண்ணம் போய்விடும். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் 'கல்ச்சர்' என்பது மொழியும் வட்டாரமும் சேர்ந்த விதித்தொகுப்பு: இந்தியத் தமிழ் ஒன்று, இலங்கைத் தமிழ் இன்னொன்று. ஆகவே 'மொழிமரபு சார் உட்சரத் தேடல்' என்கிறோம். இதற்கு எதிரானது 'ஆர்டினல்', அதாவது எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் யூனிகோடு தரும் எண்களான குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தேடல்.

வேறுபாடு தமிழிலேயே தெரியும். 'கொடி' என்பதன் முதல் எழுத்தை ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம்; ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறியெண் தேடலுக்கு அவை வேறு வேறு. கிடைக்கவில்லை என்று −1 தரும். மொழிமரபுத் தேடல் இரண்டையும் சமமாகக் கொள்ளும்.

கண்டுபிடித்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. தேடியது 2 குறியெண், பொருந்தியது 3. தேடுசொல்லின் நீளத்தை நம்பி வெட்டினால் துணைக்கால் மட்டும் தனியே தொங்கும். பொருந்திய நீளத்தையும் திருப்பித்தரும் தேடல் வடிவம் டாட்நெட் 5-இல் வந்தது; வெட்டுவதற்கு அதையே பயன்படுத்துங்கள்.

'ஔவை'யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் எந்த மரபுவிதியும் காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, தரவைத்தான் திருத்த வேண்டும். குறியெண் தேடலில் 'பல' என்று தேடினால் 'பல்' என்பதிலும் அகப்படும், புள்ளி தனிக் குறியெண் என்பதால். பொருத்தம் முழு எழுத்தின் எல்லையில் முடிகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

டாட்நெட்டில், இருக்கும் இடத்தைச் சொல்லும் 'இண்டெக்ஸ்ஆஃப்' கட்டளை சரத்தைத் தேடும்போது இயல்பாகவே மொழிமரபைப் பின்பற்றும். உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் 'கன்டெய்ன்ஸ்' குறியெண்ணைப் பின்பற்றும். ஒரே உரையில் ஒன்று 'உண்டு' என்றும் மற்றது −1 என்றும் சொல்வது இதனால்தான். 2020இல் வந்த டாட்நெட் 5, விண்டோஸிலும் மொழிமரபு விதிகளைத் தரும் ஐசியூ நிரல் நூலகத்துக்கு மாறியது. அதன்பின், இரட்டைக் குறியாக அமைந்த வரிமுடிவுக்குள் புதுவரிக் குறியை மட்டும் தேடிய நிரல்கள் −1 பெற்றன.

கோப்புப் பாதை, கட்டளைச் சொல், திறவுச்சொல் ஆகியவற்றுக்கு ஆர்டினல் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். துருக்கிய மரபில் சிறிய 'ஐ' (i) பெரிதாகும்போது புள்ளியோடு (İ) நிற்கும். பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டை விட்டுத் தேடினாலும் 'ஃபைல்' (file) என்ற ஆங்கிலச் சொல் அங்கே தப்பிவிடும். தமிழ் உரைக்கோ, உரையையும் தேடுசொல்லையும் ஒரே எழுத்தை ஒரே குறியெண் வரிசையில் வைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு குறியெண் தேடல் நடத்துவதே நம்பகமான வழி.