கொல்லைப்புற ஆடுகளம்: புல்லின் விலையை மட்டும் கேட்காதீர்கள்

போட்டு ஓராண்டுகூட ஆகாத செயற்கைப் புல் ஆடுகளம். மழை விட்டு இரண்டு நாளாகியும் நடுவில் தண்ணீர் நிற்கிறது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பெயருக்கு ஒரு பிடி மணல், அதற்குக் கீழே குழைந்த களிமண். புல் துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் இணைப்பு நாடா பசை விட்டு, இழுத்தவுடன் கையோடு வருகிறது. வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "புல் மட்டமான ரகமோ?" இல்லை. புல் நல்ல ரகம்தான். அதற்கு அடியில்தான் எதையுமே செய்யவில்லை. இதே நிலையில் எத்தனை களங்களைத்தான் பார்ப்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

செயற்கைப் புல் ஆடுகளம் போட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது சதுர அடி விலை. அதை நீள அகலத்தால் பெருக்கி, அதுதான் செலவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மண்ணை வெட்டுவது, வெட்டிய மண்ணை அகற்றுவது, ஜல்லி, ரோலர், வடிகால், ஓரக்கட்டு, புல் இழைகளுக்கு நடுவே கொட்டும் நிரப்பு மணல், வலை, விளக்கு எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. அடித்தள வேலை மட்டுமே பல இடங்களில் புல்லின் விலையைத் தொட்டுவிடும். மண் வெட்டும் இயந்திரம் உள்ளே போக வழியில்லாத வீடு என்றால் தாண்டியும் போகும்.

"புல்லின் அடியில்தான் துளைகள் இருக்கின்றனவே, தண்ணீர் தானாக இறங்கிவிடாதா?" என்பார்கள். எனக்கு மிகவும் சலிப்பூட்டும் கேள்வி இதுதான். துளை வழியாக இறங்கும் தண்ணீர் எங்கே போகும்? 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள களத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 10,000 லிட்டர். அடியில் களிமண் இருந்தால் அதைக் குடிக்காது. புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவிலேயே தேக்கி வைக்கும். மண் இளகும், ஆடுகிறவர்களின் கால் விழும் இடமெல்லாம் பள்ளமாகும், அடுத்த மழையில் அந்தப் பள்ளத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் நிற்கும். இதற்கு விலை உயர்ந்த புல் மருந்தல்ல. 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை மண்ணை வெட்டியெடுத்து, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் பிரிப்புத் துணி விரித்து, ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேற்பகுதி மட்டும்தான் இறுகும். வாட்டம் 100-க்கு 1 இருக்கட்டும். 10 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கமாக 10 சென்டிமீட்டர். நடுவை உயர்த்தி இரு பக்கமும் இறக்கினால் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர். ஆடும்போது இந்தச் சரிவு தெரியாது. வாட்டம் முடியும் இடத்தில் வடிகால் இருக்க வேண்டும், அந்த வடிகால் அடுத்த வீட்டுச் சுவரில் போய் முட்டக் கூடாது.

சிமென்ட் தளத்தின்மேல் விரிக்கலாமா என்றால், விரிக்கலாம். அங்கேயும் வாட்டம் வேண்டும். கால்மூட்டைக் காக்க அதிர்வு தாங்கும் மெத்தை விரிப்பும் வேண்டும்.

புல் சுருள்கள் பெரும்பாலும் 4 மீட்டர் அகலத்தில் வரும். மேலே சொன்ன களத்தில் நீளவாக்கில் விரித்தால் மூன்று சுருள், இரண்டு இணைப்பு. 200 சதுர மீட்டர் களத்துக்கு 240 வாங்கி 40-ஐ வெட்டி எறிவீர்கள். குறுக்கே விரித்தால் ஐந்து துண்டு. கழிவு இல்லை, ஆனால் இணைப்பு நான்கு. எது லாபம் என்பதை அளவு எடுக்கும் நாளிலேயே பேசி முடியுங்கள். எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டாலும் நிறம் வேறாகத் தெரியும், பந்தும் வேறு விதமாக உருளும்.

எந்த விளையாட்டு என்று முடிவு செய்யாமல் புல் வாங்காதீர்கள். கால்பந்துக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர் உயர இழை. டென்னிசுக்கு அடர்த்தியான குட்டை இழையும் மணலும். கூடைப்பந்து நெடிய புல்லில் எழும்பவே எழும்பாது. எல்லா விளையாட்டுக்கும் ஒரே களம் என்று யாராவது சொன்னால், பந்தைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வெயில் பற்றி யாரும் கேட்பதில்லை. கோடை நண்பகலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். நிரப்பு மணலுக்குப் பதில் கறுப்பு ரப்பர் குருணை போட்டால் இன்னும் மோசம். வெறுங்காலோடு குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. ரப்பர் குருணை மண்ணிலும் நீரிலும் கலப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி இயற்றி, 2031 அக்டோபரிலிருந்து அதன் விற்பனையைத் தடுக்கிறது. வீட்டுக் களத்துக்கு மணலே போதும் என்பது என் கருத்து.

வெட்டத் தொடங்கும் முன் குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தொட்டி மூடிக்கு மேல் புல்லை ஒட்டிவிட்டு, பிறகு அறுத்தெடுத்த வீடுகள் உண்டு. வேலி உயரத்துக்கும் விளக்குக்கும் உள்ளாட்சியில் அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் விளக்கு அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

பணம் போதவில்லையா? ஜல்லியைக் குறைக்காதீர்கள், களத்தைச் சிறிதாக்குங்கள். புல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். நன்றாகப் பராமரித்தால் 8 முதல் 10 ஆண்டுகள் வரும். தரை ஒழுங்காக இருந்தால் அடுத்த புல்லையும் அதன்மேலேயே விரிக்கலாம்.

ஒப்பந்தத்தில் தொகையை இரண்டாகப் பிரியுங்கள்: அடித்தளத்துக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று. அடித்தளம் முடிந்ததும் 3 மீட்டர் நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். அடியில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு குழாயைத் திறந்து களம் முழுக்கத் தண்ணீர் விடுங்கள். அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுக் காட்டுங்கள். அவை சரியாகும்வரை புல் சுருளை வண்டியிலிருந்து இறக்க விடாதீர்கள்.